அழித்து வரைந்த பிறை

2006ஆம் ஆண்டின் முதலாம் தவணை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, மட்டக்களப்பு வாவியோரத்துக் கிராமமொன்றின் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். தரம் ஆறு பிள்ளைகளிடம் சந்திரனின் வடிவங்களை வரைந்துவரச் சொல்லியிருந்தேன். கொப்பிகளைத் திருத்திக்கொண்டு போகையில் ஒரு பிள்ளையின் பிறை என்னை நிறுத்தியது. கொம்புகள் இரண்டும் மேலே பார்த்திருக்க, வயிறு கீழே இருக்க, கரையில் இழுத்துவிட்ட தோணிபோல் அது கிடந்தது. சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். பாடநூலில் உள்ளதுபோல் நிமிர்ந்து நிற்கும் பிறையொன்றைப் பக்கத்தில் வரைந்தும் காட்டினேன்.

அந்தப் பிள்ளை கொப்பியோடு மேசையருகில் வந்து நின்றது.

"சேர், வாப்பாட தோணியில போன நேரம் நான் பார்த்த. பிறை இப்படித்தான் கிடந்த."

"புத்தகத்தைப் பாருங்க மகள். அதில எப்படிக் கிடக்கு?"

பிள்ளை புத்தகத்தைப் பார்த்தது. பிறகு தன் இடத்துக்குப் போய் அழிறப்பரை எடுத்தது. சற்று நேரத்தில் நிமிர்ந்த பிறையோடு கொப்பி திரும்பி வந்தது. சரி போட்டேன். அழித்த பிறையின் தடம் தாளில் இலேசாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அவ்வாண்டு மே மாதக் கடைசியில் ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து வாவிக்கரைப் பக்கம் போனேன். எங்கள் ஊர் எழுவான்கரையில் இருப்பதால் சூரியன் வாவிக்கு அப்பால் படுவான்கரையில்தான் விழும். அது விழுந்த இடத்துக்கு மேலே இளம்பிறை. மல்லாந்து கிடந்தது. கரையில் கட்டியிருந்த தோணிக்கும் அதற்கும் வடிவத்தில் வித்தியாசமில்லை. திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தால், பள்ளிவாசல் மினாராவின் உச்சியில் இருந்த பிறையும் கொம்புகளை மேலே தூக்கியபடிதான் நின்றது. ஐந்து வேளையும் அதன் கீழால் போய்வந்தவன் நான்.

காரணம் எளியது. பிறையின் ஒளிர்ந்த பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்தில் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அது பிறைக்கு நேர் கீழே போய்விடுவதால் பிறையின் வயிறு கீழே வருகிறது. 51 பாகைக்கு மேலே இருக்கும் இலண்டனில் சூரியன் சரிந்து இறங்கும். அங்கே பிறையும் சரிந்து, நிமிர்ந்து நிற்கும். எங்களூரிலும் எல்லா மாதமும் ஒரேமாதிரி அல்ல. செப்டெம்பரை அண்டிய மாதங்களில் நன்றாகச் சாயும். ஆனால் பாடநூல் பிறையைப்போல் நிமிர்ந்து நிற்பதில்லை. அந்தப் படம் எங்கள் வானத்தைப் பார்த்து வரையப்பட்டதல்ல.

நான் ஏன் அதுவரை பார்க்கவில்லை? 1990க்குப் பிந்திய எமது பிள்ளைப் பருவத்தில் மஃரிபுக்குப் பிறகு வாவிக்கரைக்குப் போக எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். கொடியிலும் பெருநாள் வாழ்த்து அட்டையிலும் புத்தகத்திலும் இருந்த பிறையே எங்களுக்குப் பிறையாயிற்று. இது பாதிக் காரணம்தான். தலைப்பிறை பார்க்க முற்றத்தில் நின்ற நாட்கள் எனக்கும் உண்டு. பிறை இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அதன் பிறகுதான், நிலவைப் பார்த்துத் தாளில் இறக்கியவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர்கள் கையில் என்ன கருவிகள் இருந்தன? அவர்கள் வரைந்தது கண்டதையா, முன்பே தெரிந்ததையா?

முதலில் எமது முன்னோரிடம் போவோம். அல்-பிரூனி 1029ஆம் ஆண்டளவில் எழுதிய ‘கிதாபுத் தஃப்ஹீம்’ என்ற நூலில் சந்திரனின் வடிவங்களை விளக்கும் படம் ஒன்று வருகிறது. ரைஹானா என்ற பெண்ணின் வேண்டுகோளுக்காக, கேள்வி பதிலாக எழுதப்பட்ட நூல் அது. நடுவில் பூமி, சுற்றிவரச் சந்திரனைக் குறிக்கும் சிறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாதி ஒளி, பாதி இருள். பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியில் கிடக்கும் கவராயமும் அடிமட்டமும்தான் இதன் கருவிகள். எந்த ஊரில் நின்று பார்த்தாலும் மாறாத படம் இது. ஏனெனில் இது ஓர் ஊரில் நின்று பார்த்த படமல்ல. சிந்தனையில் வெளியே போய் நின்று வரைந்த படம்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் நிலவின் முகத்தில் தெரியும் கறைகளைப் பற்றியே ஒரு தனிச் சிறுநூல் எழுதினார். நிலவு ஒரு கண்ணாடி, பூமியின் கடலும் மலையும் அதில் தெரிகின்றன என்ற பழைய கருத்தை அவர் மறுத்தார். அப்படியானால் நிலவு நகர நகரக் கறையும் இடம் மாற வேண்டும், மாறுவதில்லையே என்பது அவரது வாதத்தின் சாரம். கறை நிலவின் பொருளிலேயே இருக்கிறது, சில பகுதிகள் ஒளியை ஏற்பதில் வேறுபடுகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். நிலவில் கிழவி நெல்லுக் குற்றுவதாக உம்மம்மா காட்டித்தந்த அதே கறைதான். அதைப் பார்த்த கண் வேறு.

என்னை மிகவும் கவர்ந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி. 964இல் அவர் எழுதிய விண்மீன் நூலில் ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, மண்ணில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரிவது. மற்றது, வான உருண்டையை வெளியே இருந்து பார்த்தால் தெரிவது. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். உருண்டையொன்றின் மேல் மிக மெல்லிய தாளை ஒட்டப் பதித்து, விண்மீன்களின் இடங்களையும் உருவங்களின் கோடுகளையும் அவர் படியெடுத்ததாக அல்-பிரூனி குறித்து வைத்திருக்கிறார். மெல்லிய தாள் அவரது கருவி. அதைவிடப் பெரிய கருவி, ‘யார் எங்கே நின்று பார்க்கிறார்?’ என்று முதலில் கேட்டுக்கொண்ட அவரது பழக்கம். எனது வகுப்பறையில் இல்லாமற்போன கருவி அதுதான்.

தமிழ் நிலத்திலும் சந்திரனைக் கணித்தவர்கள் இருந்தார்கள். 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோல் எதுவும் தொடாமல், தரையில் சோகிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கணித்துக் காட்டினார். ஜோன் வாரன் என்பவர் அதை அவ்வாண்டே சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’ நூலில் பதிந்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடந்தான்.

இப்படி எமது மரபில் கவராயம் இருந்தது, மெல்லிய தாள் இருந்தது, சோகி இருந்தது. ஆனால் நிலவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதன் மேடுபள்ளங்களைத் தாளில் தீட்டுவது இவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. இவர்கள் கேட்டது, நிலவு எப்போது எங்கே வரும், அதன் ஒளி எப்படிப்பட்டது என்பவற்றை. இதை ஒப்புக்கொள்வதால் அவர்களுடைய பெருமைக்கு எந்தக் குறைவும் இல்லை. எமது மேடைகளில் ‘எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம்’ என்று பேசப்படுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சிவப்புப் பேனைதான் ஞாபகம் வருகிறது. காணாததைச் சரி என்று போடுவதும் பிழைதான்.

நிலவின் முகத்தை வரையும் வேலை வேறு நாட்டில், வேறு காலத்தில் தொடங்கியது. தொலைகாட்டி வருமுன்னரே லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் நிலவைத் தீட்டியிருக்கிறார். ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பெட் 1600ஆம் ஆண்டளவில் வெறுங்கண்ணால் பார்த்து ஒரு வரைபடம் போட்டார். அது அச்சேறியது 1651இல்.

தொலைகாட்டி வழியாகப் பார்த்து வரைந்தவற்றுள் இன்று எமக்குக் கிடைக்கும் முதற்படம் தோமஸ் ஹரியட்டுடையது. இடம், இலண்டனுக்கு அருகில் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த சையன் மாளிகை. நாள், அங்கே அப்போது வழங்கிய பழைய கணக்கின்படி 1609 யூலை 26. இன்றைய கணக்கில் ஓகஸ்ட் 5. ஐந்து நாள் நிலவு. ஆறு மடங்கு பெரிதாக்கும் தொலைகாட்டி. ஏறத்தாழ ஆறு அங்குல விட்டத்தில் ஒரு வட்டம், அதற்குள் மைப்பேனையால் ஒளி–இருள் எல்லையின் நெளிந்த கோடு, சில நிழல் திட்டுகள். அவ்வளவுதான். மலை இல்லை, குழி இல்லை. ஹரியட் சாதாரண மனிதரல்லர். தன் காலத்தின் மிகச்சிறந்த கணித அறிஞர்களில் ஒருவர். ஆனாலும் அந்த எல்லைக்கோடு ஏன் நெளிகிறது என்பதை அவரது கை சொல்லவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பின், 1609 நவம்பர் 30 முதல், இத்தாலியின் பாதுவா நகரில் கலிலியோ அதே நிலவைப் பார்த்தார். அவருடைய தொலைகாட்டி இருபது மடங்கு பெரிதாக்கியது. ஆனால் அதன் பார்வைப் புலம் மிகச் சிறியது. நிலவின் முழுமுகமும் ஒரே பார்வைக்குள் அடங்காது. துண்டு துண்டாகப் பார்த்து, மனதில் பொருத்தி வரைய வேண்டும். அவர் கையில் எடுத்தது கூரிய பேனையை மட்டுமல்ல, தூரிகையையும். பழுப்பு மையில் நீர் கலந்து, மெல்லிய பூச்சின் மேல் மெல்லிய பூச்சாக ஏற்றி இருளை உண்டாக்கினார். ஒளிக்கு நிறம் கிடையாது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டால் அதுதான் ஒளி. அவ்வாறு தீட்டிய நிலவுகள் புளோரன்ஸ் நகரின் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

பேனைக்கும் தூரிகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியால் படம் போட்டுப் பழகிய எவரும் அறிவர். கோடு எல்லையைத்தான் காட்டும். மேடு பள்ளத்தைக் காட்ட வெண்கட்டியைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கலிலியோ ஒளியும் நிழலும் தீட்டும் ஓவியக்கலையைப் பயின்றவர். பிற்பாடு புளோரன்ஸின் ஓவியக் கழகம் அவரை 1613இல் உறுப்பினராக்கியது. ஒரு பந்தில், ஒரு தூணில் விளக்கொளி எப்படி விழும், நிழல் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கைப்பழக்கமாக அறிந்தவர். ஆகவே நெளிந்த எல்லைக்கோட்டைக் கண்டதும் அவருக்கு அது காலை வெயில் ஏறும் மலைநாடாகத் தெரிந்தது. இருட்டுக்குள் தனியே மின்னும் புள்ளிகள், வெயில் முதலில் தொட்ட மலையுச்சிகள். எல்லையிலிருந்து அவை எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் கொண்டு மலையின் உயரத்தைக்கூடக் கணக்கிட்டார். 1610 மார்ச்சில் வெனிஸில் வெளிவந்த அவரது ‘விண்மீன் தூதன்’ நூலில் இவை அச்சாயின.

அந்த நூல் வெளிவந்த பிறகு, 1610 யூலையில் ஹரியட் மறுபடியும் நிலவை வரைந்தார். இம்முறை அவருடைய தாளிலும் குழிகள் வந்துவிட்டன. நிலவு மாறவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அறிவு கண்ணைத் திறக்கும் என்பதற்கு இது சான்று. எனது கொப்பியில் அதே அறிவு கண்ணை மூடியது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன்: ஹரியட் புத்தகத்தைப் படித்தபின் திரும்பவும் தொலைகாட்டியிடம் போனார். நான் அந்தப் பிள்ளையைத் திரும்பவும் புத்தகத்திடம் அனுப்பினேன்.

கலிலியோவும் குறையற்றவரல்லர். அவருடைய அச்சுப்படத்தில் ஒளி–இருள் எல்லையில் மிகப் பெரியதொரு வட்டக்குழி இருக்கிறது. நிலவில் அவ்வளவு பெரிய குழி அவ்விடத்தில் இல்லை. ஒளி அதன் விளிம்பில் எப்படி விழுகிறது என்பதைக் காட்ட வேண்டி அவர் அதைப் பெரிதாக்கினார் என்பது பலரது கருத்து. அது எந்தக் குழி என்று பார்த்தால், ஆய்வாளர்கள் பலரும் காட்டுவது ‘அல்பட்டேக்னியஸ்’ என்ற பெயருள்ள குழியை. பெயருக்குரியவர் வேறு யாருமல்லர். ரக்கா நகரில் வானை அளந்து 929இல் மறைந்த எமது அல்-பத்தானி.

இந்தப் பெயர் அங்கே எப்படிப் போயிற்று? இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1651இல் ரிச்சியோலி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஒரு பெரும் வானியல் நூலை வெளியிட்டார். அதற்கு நிலவின் வரைபடத்தை வரைந்தவர் கிரிமால்டி என்ற இன்னொரு பாதிரியார். குழிகளுக்கு வானியலாளர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கலீபா மஃமூன் அங்கே ‘அல்மனோன்’, அல்-பர்கானி ‘அல்ஃப்ரகானஸ்’, தாபித் இப்னு குர்ரா ‘தெபிட்’, அஸ்-ஸூபி ‘அஸோஃபி’. பிரூனியின் பெயரும் பின்னாளில் நிலவின் மறுபக்கத்தில் ஒரு குழிக்கு வைக்கப்பட்டது. நிலவில் எமது பெயர்கள் இருப்பதை நாம் சொல்லிக்கொள்கிறோம். அவற்றை எழுதிவைத்த கை இன்னொரு சமயத்தவருடையது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நன்றி.

இதைவிட அழகான ஒரு மரியாதை 1647இல் நடந்தது. போலந்துக் கரையிலுள்ள டான்சிக் நகரில் பியர் வடிக்கும் தொழில் நடத்திய ஹெவெலியஸ், நிலவுக்கென்றே ‘செலினோகிராபியா’ என்ற முதற்பெரும் படநூலை வெளியிட்டார். தன் வீட்டுக் கூரையில் நின்று இரவில் நிலவை வரைந்து, அதைத் தானே செப்புத் தகட்டில் வெட்டினார். எஃகுமுனைச் செதுக்கூசிதான் கருவி. தகட்டில் வெட்டுவது அச்சில் இடம் வலமாக மாறி விழும். ஆகவே கண்டதைத் தலைகீழாக நினைத்து வெட்ட வேண்டும். அழிறப்பர் அங்கே செல்லாது. வெட்டியது வெட்டியதுதான். ஏறத்தாழ 40 நிலவு வடிவங்களை இப்படி வெட்டியிருக்கிறார். வேறொருவரிடம் வெட்டக் கொடுத்தால் கண்டவனின் கண்ணும் வெட்டுபவனின் கையும் பிரிந்துவிடும் என்பதை உணர்ந்தவராகவே அவரை நினைக்கிறேன்.

அந்த நூலின் முகப்புப் படத்தில் இருவர் இருபுறமும் நிற்கிறார்கள். ஒருவர் கையில் தொலைகாட்டி. அவர் கலிலியோ. மற்றவர் கையில் கேத்திர கணிதப் படம். அவர் இப்னுல் ஹைதம். கலிலியோவின் பக்கம் ‘புலனால்’ என்றும், இப்னுல் ஹைதமின் பக்கம் ‘பகுத்தறிவால்’ என்றும் இலத்தீனில் எழுதியிருக்கிறது. இரண்டு கால்களில் ஒன்று இல்லாமல் நிலவியல் நிற்காது என்று அந்தப் படம் சொல்கிறது. பாடநூல்களில் கலிலியோவின் படத்தைக் கண்டிருக்கிறேன். இந்தப் படத்தை ஒரு பாடநூலிலும் நான் காணவில்லை.

அதன் பின் கருவிகள் நுட்பமாகிக்கொண்டே போயின. ஜேர்மனியில் தோபியாஸ் மேயர் 1748 முதல் நுண்மானி என்ற அளவுகருவியைத் தொலைகாட்டிக்குள் பொருத்தி, குழிகளின் இடங்களைக் கண்மதிப்பாக அல்லாமல் அளந்தே குறித்தார். இலண்டனில் ஜோன் ரஸ்ஸல் என்ற உருவப்பட ஓவியர் பல ஆண்டுகள் நிலவைப் பார்த்து, 1795இல் பாஸ்டல் வண்ணக்கட்டியால் பெரியதொரு நிலவைத் தீட்டினார். விரலால் தேய்த்து மங்கவைக்கக்கூடிய கருவி அது. நிலவின் மென்மையான நிழல்களுக்கு மிகப் பொருத்தம். பேர்லினில் பியரும் மேட்லரும் சுமார் 600 இரவுகள் உழைத்து 1834 முதல் 1836 வரை பெரிய வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் தெற்கு மேலே இருக்கும். அவ்வகைத் தொலைகாட்டி பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும். கண்டது தலைகீழ் என்றால் தலைகீழாகவே வரைவது அவர்களுக்கு வழக்கம்.

பென்சிலின் வரலாற்றில் எமக்கும் சிறு பங்குண்டு. காரீயப் பொடியைக் களிமண்ணோடு குழைத்துச் சுட்டு, வன்மையும் மென்மையும் வேண்டியபடி பென்சில் செய்யும் முறையைப் பிரான்சில் கொன்ரே 1795இல் கண்டார். நிழலுக்கு மென்மையானது, எல்லைக்கு வன்மையானது என்று பிரித்து எடுக்க வழி பிறந்தது அப்போதுதான். தூய காரீயத்துக்குப் பேர்போன நாடு எமது நாடு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் பெயரை நாம் பாடத்தில் மனனம் செய்கிறோம். அதே காரீயம் பிள்ளையின் கையிலும் இருக்கிறது.

இது முழுக்க ஐரோப்பியக் கதை என்றும் எண்ண வேண்டாம். எமது கரையோரமாக வடக்கே போனால் திருகோணமலை. அங்கே ஆங்கிலப் படையின் பொறியியல் பிரிவில் அதிகாரியாக இருந்தவர் பேர்சி மோல்ஸ்வேர்த். கொழும்பில் 1867இல் பிறந்தவர். பன்னிரண்டரை அங்குலக் கண்ணாடி பொருத்திய தொலைகாட்டியோடு திருகோணமலையில் இரவுகளைக் கழித்தார். அவர் ஓயாமல் வரைந்தவை வியாழனும் செவ்வாயும். வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடும். பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தால் பார்த்த புள்ளி நகர்ந்துவிடும். ஆகவே கிரகம் வரைவோர் வட்டங்களை முன்கூட்டியே போட்டு வைத்து, முக்கியமானவற்றைச் சில நிமிடங்களில் குறித்துவிட்டு, மற்றதைப் பிறகு நிரப்புவார்கள். 1901இல் வியாழனின் தென்பாதியில் தோன்றிய பெரும் குழப்பமொன்றை மோல்ஸ்வேர்த் திருகோணமலையிலிருந்து கண்டறிந்தார். அது பல பத்தாண்டுகள் நீடித்தது. 1908இல் அங்கேயே இறந்தார். செவ்வாயில் ஒரு குழிக்கு இன்று அவர் பெயர். எங்களுக்கு மேலே இருக்கும் அதே வானத்தை ஒருவர் எங்கள் கரையிலிருந்து இப்படிப் பார்த்திருக்கிறார். இதை அறிந்தபோது எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

நிலவுக்குப் புகைப்படம் 1840இலேயே வந்துவிட்டது. இன்று பிள்ளைகளின் வாப்பாமாரின் கைத்தொலைபேசியே நிலவைப் பிடித்துக் காட்டும். பிறகு ஏன் வரைய வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். படம் கிடைப்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக என்று சொன்னேன். ஒரு வட்டத்தின் எந்த இடத்தில் கோட்டைத் தொடங்குவது என்று முடிவெடுக்க வேண்டுமானால் மறுபடி அண்ணாந்து பார்த்தேயாக வேண்டும்.

வரைபடம் ஒரு சாட்சியம். சாட்சியம் பொய்யாகவும் இருக்கலாம். கலிலியோவின் அதே நூலின் பிரதியொன்று 2005இல் நியூயோர்க்கிலுள்ள பழம்நூல் வணிகரிடம் வந்தது. அச்சுப்படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மைப்பூச்சு நிலவுகள் இருந்தன. கலிலியோவே தீட்டியவை என்று பெரிய அறிஞர்கள் நம்பினார்கள், நூல்கூட எழுதினார்கள். நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியர் முத்திரையிலும் அச்சிலும் இருந்த சிறு பிழைகளைத் துருவி, முழுநூலும் போலி என்பதை 2012இல் நிறுவினார். எல்லோரும் நம்பியதைத் திரும்பவும் பார்த்தவர் ஒருவர் இருந்ததால் உண்மை வெளிவந்தது.

சாட்சியத்தை விசாரிப்பது எமது சமூகத்துக்குப் புதிதல்ல. என் சிறுவயதில் யாரேனும் பிறை கண்டதாக வந்து சொன்னால் மரைக்காயர்மார் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எந்தத் திக்கில், எத்தனை மணிக்கு, சூரியன் விழுந்த இடத்துக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, கொம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முகில் கீற்றைப் பிறையென்று மயங்கியவர் கொம்புக் கேள்வியில் நின்றுவிடுவார். அந்தக் கேள்விக்கு 2006இல் சரியான விடை சொல்லியிருக்கக்கூடிய பிள்ளைக்குத்தான் நான் பிழை போட்டேன். அந்த மரைக்காயர்மார் அறிவியல் படித்தவர்களல்லர்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைப் பெற்றாரோடு வாவிக்கரைக்கு வரச்சொல்கிறேன். கருவிகள் அதிகமில்லை. தாளைக் கிளிப்பால் பிடித்த ஒரு மட்டை. பால்மா டின் மூடியை வைத்துக் கீறிய வட்டங்கள். மென்மையான பென்சில் ஒன்று, வன்மையானது ஒன்று. கண் இருளுக்குப் பழகியிருப்பதற்காகச் சிவப்புத்தாள் சுற்றிய டோர்ச். கிடைத்தால் இரவல் பைனோகியூலர் ஒன்று. முதலில் அடிவானத்தைக் கோடாகப் போட வேண்டும். திகதி, நேரம், நின்ற இடம், பார்த்த திக்கு எழுத வேண்டும். கண்டதை மட்டும் வரைய வேண்டும். புத்தகத்தை மறுநாள் திறக்கலாம். அழிறப்பர் கொண்டுவரக் கூடாது. பிழையென்று பட்டால் பக்கத்தில் இன்னொன்று வரையலாம், முதலாவது இருக்க வேண்டும்.

ஒருமுறை வானம் மூடியிருந்தது. பிள்ளைகள் சிலர் வழக்கமான பிறையொன்றை வரைந்து தந்தார்கள். ஒரு பையன் அடிவானக் கோட்டை மட்டும் போட்டு, திகதியும் நேரமும் எழுதி, கீழே ‘முகில். பிறை காணவில்லை’ என்று எழுதியிருந்தான். அன்று முழுப்புள்ளி அவனுக்கு மட்டும் கொடுத்தேன். முகில் மறைத்தால் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்யச் சொன்ன மார்க்கத்தின் பிள்ளைகள் நாங்கள் என்று மற்றவர்களுக்கும் ஞாபகமூட்டினேன்.

தோணிப் பிறை வரைந்த பிள்ளையின் குடும்பம் அவ்வாண்டு முடிவில் வேறு ஊருக்குப் போய்விட்டது. மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை ஏழு மாதங்கள் அந்தப் பிள்ளை எனது வகுப்பில்தான் இருந்தது. ‘நீங்க முதல்ல வரைந்ததுதான் சரி மகள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த ஏழு மாதமும் போதும். வாத்தியார் பிழைவிட்டதாக வகுப்பில் சொல்வதா என்ற எண்ணத்தில் நான் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கரும்பலகையில் இரண்டு பிறைகளையும் வரைந்து, எது சரி என்று கேட்பேன். விடை சொல்ல விடமாட்டேன். வெளியில போய்ப் பார்த்துட்டு வாங்க என்பேன்.